மகிழ்ச்சிக்காகப் படிப்பதும் நம் உரிமைதான்

(வாசிப்பு வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ‘எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவை’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே இடத்தில் இடஒதுக்கீடு பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய மாதம் ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் பற்றிப் பேசினோம். இந்த மாதம் எனக்குக் கொடுத்த தலைப்பு, பிடித்த எழுத்தாளர் யார், இப்போது என்ன படிக்கிறாய் என்பது. ‘ரெண்டு மாசம் சண்டை, ஒரு மாசம் ஓய்வா?’ என்று அமைப்பாளரிடம் கிண்டலாகக் கேட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, இந்தச் சின்னக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்குப் பல வருடங்கள் ஆகியிருப்பது தெரிந்தது. அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் இலக்கிய மன்றத்துக்கு ஆள் எடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று சீனியர்கள். ‘உனக்குப் பிடிச்ச ரைட்டர் யாரு?’ என்று கேட்டார்கள். உண்மையில் எனக்குப் பிடித்தவர் ராஜேஷ்குமார். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் பாக்கெட் நாவல்களைப் பழைய விலைக்கு வாங்கி, ஒரே மூச்சில் படித்து முடிப்பேன். ஆனால் அந்த அறையில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது யாரும் சொல்லித் தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. பாடநூலில் பார்த்த ஒரு பெரிய எழுத்தாளரின் பெயரைச் சொன்னேன். ‘அவரோட எந்த நாவல்?’ என்று அடுத்த கேள்வி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர், ‘ஸ்காலர்ஷிப்ல வந்த பிள்ளையா?’ என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மன்றத்தின் பக்கமே நான் போகவில்லை.

அந்தக் கேள்வியின் பொருள் உங்களுக்குத் தெரியும். சாதியை நேராகக் கேட்க முடியாத இடங்களில் அதைக் கேட்பதற்கு நூறு வழிகள் இருக்கின்றன. ‘என்ன படிக்கிறாய்?’ என்பதும் அதில் ஒன்று.

ஆனால் நான் படிக்காதவள் இல்லை, தோழர்களே. நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. எங்கள் அம்மா ஓர் அச்சகத்தில் மடிப்பு வேலை பார்த்தார். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்து மடித்துப் பக்க வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி மடித்தால் 16 பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். மை அப்பிய தாள், கோணலாக அச்சான தாள் எல்லாம் கழிவுக்குப் போகும். அலமாரியில் விரிக்கவும், அடுப்பு பற்றவைக்கவும் அம்மா அதில் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவைதான் என் முதல் நூலகம். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டதும் எங்கள் சிவகாசியிலிருந்துதான். ஊரெல்லாம் அச்சு மை வாசம். ஆனால் எங்கள் வீட்டில் அட்டை போட்ட முழுப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒருமுறை ஏதோ ஒரு நாவலின் ஒற்றைப் பாரம் வந்தது. 33ஆம் பக்கம் முதல் 48ஆம் பக்கம் வரை. 33ஆம் பக்கத்தில் ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். 48ஆம் பக்கம் முடியும்போது அவள் கையில் பிரிக்காத கடிதம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று இன்றுவரை தெரியாது. முதல் 32 பக்கங்களை நானே என் தங்கைக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு விதமாக. யாராவது அந்தக் காலத்தில் என்னிடம் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டிருந்தால், பெயர் தெரியாத அந்த ஆளைத்தான் சொல்லியிருப்பேன்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார். லட்சக்கணக்கான பக்கங்கள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒரு பக்கத்தையாவது நின்று படிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. கணக்கு பாரத்துக்கு இவ்வளவு கூலி என்றுதான். நின்றால் கூலி நிற்கும்.

நாம் ‘பொழுதுபோக்கு வாசிப்பு’ என்று சொல்கிறோம். போக்குவதற்கு முதலில் பொழுது கையில் இருக்க வேண்டும். ‘பொழுதே போகல’ என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. எங்கள் அம்மா ஒரு நாளும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பொழுது பத்தல’ என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருப்பதுதான் சாதி, வர்க்கம், ஆணாதிக்கம் எல்லாமே. எழுத்து மறுக்கப்பட்டதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். எழுத்தை அனுபவிக்கும் பொழுது மறுக்கப்பட்டதைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

நம் முன்னோடிகள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக வைத்தார். யாரிடம் அந்த ஒரு பைசா மட்டும் இருந்ததோ, அவருக்கான இதழ். 1936இல் அண்ணல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையைப் பெரியார் உடனே தமிழாக்கிக் ‘குடி அரசு’வில் வெளியிட்டதும் இந்த அக்கறையோடுதான்.

அண்ணலின் கதையையும் வேறு விதமாகப் பாருங்கள். பம்பாயில் ஒற்றை அறை வீடு. அந்த ஓர் அறையில்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். மகன் சீக்கிரம் தூங்கிவிட்டு, எல்லோரும் தூங்கும் நேரத்தில் எழுந்து படிக்கட்டும் என்று தந்தை ராம்ஜி கண்விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். இது நமக்கு மனப்பாடமான கதை. தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொரு தம்பி தங்கையிடமும் இதைச் சொல்கிறோம். ஆனால் அண்ணல் தேர்வுக்காக மட்டும் படித்தவர் இல்லை. பள்ளிக் காலத்தில் அவரைப் பாராட்டி ஒரு கூட்டம் நடந்தது. அங்கே கேளுஸ்கர் என்கிற ஆசிரியர், தான் எழுதிய புத்தர் வரலாற்று நூல் ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம். அதில் மதிப்பெண் எதுவும் கிடையாது. பல பத்தாண்டுகள் கழித்து ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில், அந்தப் பரிசைத்தான் அவர் நினைத்துப் பார்க்கிறார். 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோர் எடுத்து வைத்த அடிக்குப் பின்னால், ஒரு பையன் விரும்பிப் படித்த பரிசுப் புத்தகமும் இருக்கிறது.

1917இல் அவர் லண்டனிலிருந்து ஊர் திரும்பும்போது அவருடைய புத்தகங்கள் வேறொரு கப்பலில் வந்தன. உலகப் போர்க் காலம். அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. சேர்த்த புத்தகங்களைக் கடலில் பறிகொடுத்த மனிதர், பின்னாளில் தாதரில் ராஜகிருகம் வீட்டைக் கட்டியபோது புத்தகங்களுக்காக இடம் ஒதுக்கித்தான் கட்டினார். இது கடமைக்காகப் படிப்பவர் செய்கிற வேலை இல்லை. புத்தகத்தின் மேல் ஆசை வைத்தவர் செய்கிற வேலை. நாம் சிலையில் பார்க்கும் அந்தக் கைப்புத்தகம் அரசமைப்புச் சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கைக்கு வேறு பல புத்தகங்களின் பழக்கமும் இருந்தது.

சரி, இப்போது நான் என்ன படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

பகலில், பேருந்தில் போகும்போது, மனோரஞ்சன் பியாபாரியின் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கிறேன். என் ஆங்கிலத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம்தான் நகரும். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த நாமசூத்திரக் குடும்பம் அவருடையது. பள்ளிக்கூடம் போனதில்லை. சிறையில்தான் எழுத்து கற்றார். வெளியே வந்து கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தார். சவாரி இல்லாத நேரத்தில் படித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் ரிக்‌ஷாவில் ஏறிய பேராசிரியை ஒருவரிடம், தான் படித்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். ‘ஜிஜிபிஷா’ என்பது அந்தச் சொல். உயிர் வாழும் வேட்கை என்று அந்த அம்மையார் விளக்கினார். யார் இவர், இந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்று அவருக்கு வியப்பு. தான் நடத்தும் இதழில் எழுதச் சொல்லி முகவரி எழுதிக் கொடுத்தார். பெயரைப் பார்த்தால் மகாஸ்வேதா தேவி. பியாபாரி விரும்பிப் படித்துக்கொண்டிருந்த எழுத்தாளரே அவர்தான்!

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள், பெரிய எழுத்தாளர் ஓர் ஏழையைத் தூக்கிவிட்டார் என்று முடிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. சவாரிக்கும் சவாரிக்கும் நடுவில் கிடைத்த அந்தப் பத்து நிமிடம். அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் அவருக்கு நிம்மதி இல்லை. அந்தச் சொல்லால் அவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்கப் போவதில்லை என்றாலும்.

இரவில், தூங்கும் முன், ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். 2002இல் வந்த நாவல். 2024இல் அவர் மறைந்தபோது எல்லோரும் அவருடைய ஆய்வு நூல்களைப் பற்றி எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் நான் அவரை நினைத்துக்கொண்டது, இந்த நாவலைப் படித்துப் பாயில் புரண்டு சிரித்த இரவுகளால்தான். புதுப்பட்டியில் பிறந்த தலித் கிறித்தவப் பையன் ஒருவன் படித்து, அலைந்து, வேலை தேடுகிற கதை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதிச் சலுகை கிறித்தவர்களுக்குக் கிடையாது. ஊருக்குள் பறையன், சான்றிதழில் மட்டும் வேறு. இந்த அநியாயத்தை ஒரு கட்டுரையில் படித்தால் கோபம் வரும். சிலுவைராஜோடு சேர்ந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினால், கோபத்தோடு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பில் அவன் தன்னையும் விட்டுவைப்பதில்லை.

இந்தச் சிரிப்புக்கு ஒரு கன்னட உறவினரும் உண்டு. சித்தலிங்கையாவின் ‘ஊரு கேரி’, பாவண்ணன் மொழிபெயர்ப்பில் ‘ஊரும் சேரியும்’. தலித் சங்கர்ஷ சமிதியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். நுகத்தடியில் மாட்டுக்குப் பதில் மனிதர்களைக் கட்டி ஏர் இழுக்க வைப்பதைச் சிறுவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். கட்டப்பட்ட இருவரில் ஒருவர் தன் அப்பா. இதை எழுதிய அதே கைதான் பக்கத்துக்குப் பக்கம் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது. அழுவதற்கு மட்டுமே நமக்கு அனுமதி உண்டு என்று நினைப்பவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் நல்ல பதில்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் எழுத்தாளர்களை மற்றவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? காயங்களின் பட்டியலாக. பக்கத்து இருக்கை நண்பர் ‘தலித் இலக்கியமா, ரொம்ப கனமா இருக்குமே, மனசு தாங்காது’ என்கிறார். அவர் போகட்டும். நாமும் பல நேரம் அப்படித்தான் படிக்கிறோம். மேற்கோள் எடுக்க, சாட்சியம் சொல்ல, முகநூலில் பதிவு போட. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அது தொடங்குவது ஊரின் அழகில், சுற்றி நிற்கும் மலைகளில். உள்ளே பிள்ளைகளின் விளையாட்டுகள் உண்டு, பட்டப்பெயர்கள் உண்டு, சாப்பாடு உண்டு. நாம் கருத்தரங்குக்கு எடுத்துக்கொண்டு போவது அவமானம் நடந்த பக்கங்களை மட்டும்தான். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019இல் ‘அசுரன்’ படமாக வந்த பிறகு எல்லோருக்கும் அரிவாள்தான் ஞாபகம். நாவலில் என்னைக் கட்டிப்போட்டது அரிவாள் இல்லை. கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்திருக்கும் நாட்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைக்கலாம், எங்கே படுக்கலாம் என்று ஒரு தந்தை மகனுக்குக் கரிசலைக் கற்றுக்கொடுக்கிறார். இவ்வளவு அன்பான அப்பாவைத் தமிழ் நாவலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

காயத்தை மட்டும் படிப்பதும் ஒரு வகையில் நம்மைச் சேரிக்குள்ளேயே நிறுத்துவதுதான். எங்கள் மொழி, எங்கள் கிண்டல், எங்கள் காதல், எங்கள் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்ததுதான் நாங்கள்.

இன்னொரு எழுத்தாளரைச் சொல்லியாக வேண்டும். சிவகாமி. 1989இல் ‘பழையன கழிதலும்’ நாவல் வந்தது. தலித் ஆண் தலைவர் ஒருவரை, காத்தமுத்துவை, அவர் மகள் கௌரியின் கண்ணால் விமர்சித்த நாவல். பிறகு ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நூல் எழுதினார். அதில் தன் நாவலையே எடுத்து வைத்து, நான் எழுதியது நியாயமா, எதை விட்டேன் என்று கேட்டுக்கொள்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் அதுதான். பிடித்த எழுத்தாளர் என்பதற்காக அவரிடம் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. நேற்றுவரை கொண்டாடிய எழுத்தாளரின் கதையில் நம் ஆள் பெயரே இல்லாமல், முதலாளிக்குப் பின்னால் கைகட்டி நிற்பதைக் கவனித்த நாள் உங்களுக்கும் இருக்கும். எனக்கு இருக்கிறது. அந்தப் புத்தகத்தை நான் தூக்கி எறியவில்லை. ஓரத்தில் பென்சிலால், ‘இவன் பெயர் என்ன?’ என்று எழுதி வைத்தேன். வாசகர் என்பவர் ரசிகர் மன்ற உறுப்பினர் இல்லை. விரும்பவும் வேண்டும், வழக்காடவும் வேண்டும்.

‘ஊர் எரியும்போது மகிழ்ச்சிக்காகப் படிக்கச் சொல்கிறீர்களா?’ என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அந்த மார்ச்சில் உடுமலையில் சங்கரை நடுரோட்டில் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் பட்டியல் நிற்கவில்லை. ஆனால் ரோகித் கடைசியாக எழுதியதை நினைத்துப் பாருங்கள். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அறிவியலையும் விண்மீன்களையும் இயற்கையையும் நேசித்தவர். அவருக்கும் பிடித்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார், தோழர்களே. நாம் அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது போராளியாக மட்டும் பார்க்கிறோம். விண்மீன்களைப் பற்றிப் புத்தகம் எழுத நினைத்த ஒரு வாசகரையும் சேர்த்துத்தான் இந்தச் சாதியச் சமூகம் நம்மிடமிருந்து பறித்தது. எதற்காகப் போராடுகிறோம் என்று யாராவது கேட்டால் நான் இதைச் சொல்வேன். நம் பிள்ளைகள் எந்தக் காரணமும் இல்லாமல், வெறும் ஆசைக்காக, நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்கிற பொழுதுக்காகவும்தான்.

இந்த வட்டத்துக்கு எனக்கு மூன்று வேண்டுகோள்கள் இருக்கின்றன.

ஒன்று, புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது ‘இது என்ன கருத்தைச் சொல்கிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எந்தப் பக்கத்தை ரெண்டாவது தடவை படிச்சீங்க?’ என்றும் கேளுங்கள்.

இரண்டு, இங்கே யாராவது க்ரைம் நாவலோ, ரமணிசந்திரனோ, காமிக்ஸோ படிக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பத்து மணி நேரம் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு, திரும்பும் பேருந்தில் ஒரு தோழி எதைப் படித்தாலும் அவர் வாசகர்தான். அவரிடம் அடுத்த புத்தகத்தை நீட்டுங்கள். முந்தைய புத்தகத்துக்காக அவரை வெட்கப்பட வைக்காதீர்கள்.

மூன்று, வீட்டில் யாருக்குப் பொழுது இல்லை என்று பாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் வேலையை நீங்கள் செய்யுங்கள். ஆண் தோழர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. இப்போது வேலைக்குப் போவதில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்டிருக்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாமாவின் ‘கிசும்புக்காரன்’ தொகுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ‘அண்ணாச்சி’ என்று ஒரு கதை. அம்மாசி என்கிற நம்ம பையன், நிலக்காரரை அய்யா, சாமி என்று கூப்பிடாமல் அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிடுகிறான். ஊரே கூடிவிடுகிறது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ‘ஏ தாயி, நம்ம பேசுறதெல்லாங்கூடப் புத்தகத்துல போடுவாகளா?’ என்று கேட்டார். பாமாவின் புதுப்பட்டியும் எங்கள் ஊரும் ஒரே மாவட்டம். அந்தப் பேச்சை அச்சில் பார்க்க அம்மாவுக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது. அதுவும் வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் இருந்தவருக்கு.

நான்கு நாளில் தொகுப்பை முடித்துவிட்டார். நான் ஊருக்குக் கிளம்பும்போது பையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: ‘அடுத்த பாரம் எப்பத் தாயி கொண்டுவருவ?’

இனிமேல் யாராவது எனக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால், நிறையப் பெயர்கள் சொல்வேன். ராஜேஷ்குமாரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.